செங்கற்பட்டு ஜாகீரின் கதை – அத்தியாயம் 19: வணிகர் அடித்த செம்பு

1794 முதல் 1798 வரை நம் ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரிகளைப் பற்றியும் மிராசுகளைப் பற்றியும் ஊர் ஊராக நடத்திய விசாரணைகளைச் சென்ற இரண்டு அத்தியாயங்களில் விஸ்தாரமாகவே பார்த்துவிட்டோம். நிலத்தின் கதையைச் சொல்லும்போது நெல்லும் வராகனும் தாமாக முன்வந்து நின்றுவிடுகின்றன. ஆனால் அந்த நெல்லையும் வராகனையும் ஒருநாளும் தமக்கென்று கையில் நிறுத்தி வைத்துக்கொள்ள முடியாத ஏழை ஜனங்கள் எதைக்கொண்டு உப்பு வாங்கினார்கள், எதைக்கொண்டு எண்ணெய் வாங்கினார்கள், நரசிம்ம சுவாமியின் சந்நிதியில் கற்பூரத்தட்டில் எதைப் போட்டார்கள் என்ற கேள்வி என் மனத்தில் வெகுநாளாக இருந்துவருகிறது. இந்த அத்தியாயம் அதற்காகவே எழுதப்படுவது. அவர்கள் கையில் இருந்தது செம்பு. அந்தச் செம்பைப் பின்தொடர்ந்து போனால் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து பர்மிங்ஹாமுக்கும், அங்கிருந்து வேல்ஸ் தேசத்தின் ஒரு தாமிர மலைக்கும் போக வேண்டியிருக்கிறது என்பதை வாசகர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்வது நலம்.

முதலில் நம் ஊர் நிலைமை. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி 1763-ல் கும்பினியாருக்கு ஜாகீராக விட்டுக்கொடுத்த இந்தப் பிரதேசத்தில், கிராமத்துக்குள்ளே நாணயம் மிகுதியாகப் புழங்கவில்லை. அறுவடையானதும் களத்துமேட்டிலேயே கணக்கருக்கு இவ்வளவு, தலையாரிக்கு இவ்வளவு, தச்சனுக்கும் கொல்லனுக்கும் வண்ணானுக்கும் நாவிதனுக்கும் இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு என்று மேரை அளந்து கொடுத்துவிடுவது வழக்கம். பண்ணையாட்களின் கூலியும் நெல்லாகவே போயிற்று. கிராமத்தின் எல்லையைத் தாண்டியபோதுதான் காசு வேண்டியிருந்தது. சந்தைக்குப் போனால் காசு. சுங்கச் சாவடியைக் கடந்தால் காசு. சென்னைப்பட்டணத்திலிருந்து பரங்கிமலை, பல்லாவரம், வண்டலூர் வழியாகச் செங்கற்பட்டுக்குப் போகும் பெருவழியில் வழிப்போக்கன் ஒருவன் மோர் வாங்கிக் குடித்தால் அதற்கும் காசு. பல்லவர் காலத்துக் குடைவரையில் எழுந்தருளியிருக்கும் நம் பாடலாத்திரி நரசிம்மரைச் சேவிக்க வந்தவர்களுக்கு வெற்றிலை, பூ, தேங்காய் விற்றுப் பிழைத்தவர்களின் ஜீவனம் முழுவதும் செம்பையே நம்பியிருந்தது.

அக்காலத்துக் கணக்கு இது: ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக, ஒரு வராகன் 3,360 காசு. கும்பினியாரின் ஏடுகளில் இக்கணக்கு அசையாமல் நின்றதே தவிர, கடைத்தெருவில் அது ஒருநாளும் அப்படி நின்றதில்லை. தங்கம் வராகனாகவும், வெள்ளி பணமாகவும் ரூபாயாகவும், செம்பு காசாகவும் தனித்தனி உலகங்களில் சஞ்சரித்துக்கொண்டிருக்க, அவற்றை ஒன்றோடொன்று மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் சராபுகளின் கையில் இருந்தது. வரி கட்டும் பருவத்தில் வராகனுக்குக் கிராக்கி ஏறும். செம்பைக் கொண்டுபோனவன் கூடுதலாக வட்டம் கொடுத்து வெள்ளியும், வெள்ளிக்கு மேல் வட்டம் கொடுத்துத் தங்கமும் வாங்க வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு படியிலும் கழிந்தது யாருடைய பொருள் என்று யோசித்தால், செம்புக் காசு சில்லறை விஷயம் அன்று என்பது விளங்கும். ஒரு ராஜ்யத்தின் பொன் நாணயத்தைக்கொண்டு அதன் செல்வத்தை அளக்கலாம். அதன் செம்பைக்கொண்டுதான் அதன் நீதியை அளக்க முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தச் செம்பை அடித்தவர் யார்? நாகப்பட்டினத்தில் டச்சுக் கும்பினியார் அடித்தார்கள். தரங்கம்பாடியில் டேனியக் கும்பினியார். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியார். சென்னையில் ஆங்கிலக் கும்பினியார். ஒவ்வொருவரும் வியாபாரத்துக்காகக் கூடிய பங்குதாரர் சபையினரே. ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரி தொடங்கும் 1736-ஆம் ஆண்டிலேதான், புதுச்சேரியின் கவர்னர் தூமா, ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியிடமிருந்து ஆற்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். நாணயம் அடிக்கும் உரிமை அந்நாளில் வியாபாரிகள் கேட்டு வாங்கிய ஒரு சலுகையாகவும், அதனாலேயே லாபம் தரும் ஒரு சரக்காகவும் ஆகிவிட்டிருந்தது. அரசனுக்கே உரியது என்று நம் சாஸ்திரங்கள் கருதிய ஒரு காரியம் கணக்குப்பிள்ளைகளின் மேஜைக்கு இறங்கி வந்துவிட்டது. ஆனாலும் புதுச்சேரியார் தங்கள் செப்புத் துட்டின் ஒரு பக்கத்தில் புதுச்சேரி என்று தமிழிலேயே பொறித்தார்கள். நாகப்பட்டினத்து டச்சுக்காரர்களும் ஊர்ப்பெயரைத் தமிழில் வெட்டினார்கள். வாங்குகிறவன் வாசிக்கக்கூடிய எழுத்தில் காசு பேச வேண்டும் என்ற அந்த எண்ணத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு இது அவசியம் என்பதால் வாசகர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி நாம் இங்கிலாந்துக்குப் போகவேண்டும். ஏனெனில், இங்கே வியாபாரிகள் அரசரின் காரியத்தைத் தாமாக ஏற்றுக்கொண்ட அதே காலத்தில், அங்கே அரசரின் நாணயசாலை தன் கடமையைக் கைவிட்டதனால், வியாபாரிகள் வேறு வழியின்றி அக்காரியத்தைச் செய்யும்படி நேர்ந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து தேசம் முழுவதும் ஆலைகளும் சுரங்கங்களும் உலைகளும் எழும்பிக்கொண்டிருந்தன. நிலத்தை விட்டு ஆலைக்கு வந்த ஜனங்களுக்கு வாரந்தோறும் கூலி கொடுக்கவேண்டும். வாரக்கூலி சில ஷில்லிங்குகளே ஆகையால் அதைச் செலவிடச் செம்புச் சில்லறை வேண்டும். லண்டன் நாணயசாலையோ தங்கமும் வெள்ளியுமே ராஜ கௌரவத்துக்கு ஏற்றவை, செம்பு ஏழைகளின் அற்ப விஷயம் என்ற மனோபாவத்தில் ஊறியிருந்தது. மூன்றாம் ஜார்ஜின் பெயரில் 1770 முதல் 1775 வரை சில அரைப்பென்னிகளை அடித்ததோடு அது நிறுத்திக்கொண்டது. அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தச் சாலையிலிருந்து செம்பு வெளிவரவில்லை. அவ்விடத்தைக் கள்ளக்காசு நிரப்பிற்று. 1787-ல் நாணயசாலையே நடத்திய பரிசோதனையில், புழக்கத்திலிருந்த செம்புக் காசுகளில் நூற்றுக்கு எட்டே தம்முடைய காசுகளைப் போலத் தோன்றுவன என்று தெரியவந்தது. பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலதிபர் மாத்யூ போல்ட்டன், தாம் பிரயாணம் செய்யும்போது சாலைச் சுங்கங்களில் மீதிச் சில்லறையாகப் பெறுவதில் மூன்றில் இரண்டு பங்கு கள்ளக்காசாகவே இருக்கிறதென்று 1789-ல் ஹாக்ஸ்பரி பிரபுவுக்கு எழுதினார்.

இதனால் நேர்ந்த துன்பம் யாருக்கு? முதலாளிகள் கூலி கொடுக்கச் சில்லறை கிடைக்காமல், பல ஆட்களைக் கூட்டாகச் சேர்த்து ஒரு பெரிய நாணயத்தைக் கையில் கொடுத்து, மாற்றிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். மாற்றிக்கொடுக்கும் இடம் பெரும்பாலும் சாராயக்கடை. அங்கே சும்மா மாற்றிக் கொடுப்பாரில்லை, குடித்தவனுக்குத்தான் சில்லறை. வாரம் முழுதும் சுரங்கத்தில் உழன்றவனின் கூலியில் ஒரு பகுதி குடியிலும், ஒரு பகுதி கள்ளக்காசிலும் கரைந்து, மீதியே வீட்டுக்குப் போயிற்று. நம் குடியானவன் சராபுக்குக் கொடுத்த வட்டத்தை அவன் சாராயக்கடைக்காரனுக்குக் கொடுத்தான்.

இந்நிலையில்தான் 1787-ல் வேல்ஸ் நாட்டு ஆங்கிலஸி தீவிலிருந்து ஒரு புதுமையான காசு வந்தது. அத்தீவிலுள்ள பாரிஸ் மலையில் 1768-ல் தாமிரத் தாது கண்டெடுக்கப்பட்டிருந்தது. தாமஸ் வில்லியம்ஸ் என்ற வழக்கறிஞர் அச்சுரங்கங்களின் நிர்வாகத்தைக் கையிலெடுத்து, சில ஆண்டுகளுக்குள் ஜனங்கள் தம்மைச் செம்பரசர் என்று அழைக்கும் அளவுக்கு உயர்ந்தார். தம்முடைய ஆட்களுக்குத் தம்முடைய செம்பிலேயே கூலி கொடுப்பதென்று அவர் தீர்மானித்தார். அந்தப் பென்னி வில்லையை ஒரு கணம் உற்றுப் பார்ப்போம். ஒரு பக்கத்தில் ஓக் இலை மாலைக்கு நடுவே, முக்காடிட்டு நீண்ட தாடியுடன் ஒரு வயோதிகரின் தலை. கிறிஸ்து மதம் வருவதற்குமுன் அத்தீவில் வாழ்ந்த ட்ரூயிட் என்னும் குருமாரின் உருவம் அது. மறுபக்கத்தில் பாரிஸ் சுரங்கக் கும்பினியின் எழுத்துகள் பின்னிக் கிடக்க, அவற்றைச் சுற்றி, இதைக் கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி கொடுக்க வாக்களிக்கிறோம் என்ற வாசகம் ஓடுகிறது. அதோடு நிற்கவில்லை. காசின் விளிம்பைத் திருப்பினால், லண்டனிலோ லிவர்பூலிலோ ஆங்கிலஸியிலோ கேட்டவுடன் கொடுக்கப்படும் என்று அந்த மெல்லிய விளிம்பிலும் எழுத்து. விளிம்பில் எழுத்துப் பொறித்தது கள்ளக்காசு அடிப்பவனுக்குக் காரியத்தைக் கடினமாக்குவதற்காக என்பது உண்மையே. ஆனால் அதே எழுத்து, இந்தச் செம்பை யாரிடம், எந்த ஊரில் போய்க் கேட்கலாம் என்பதையும் சொன்னது. எடையும் குறைவில்லை, ராஜாங்கத்துச் செம்பைவிட அந்தப் பென்னி நேர்மையான செம்பு.

இக்காசு இருநூற்றைம்பது டன்னுக்குக் குறையாத பென்னிகளாகத் தேசமெங்கும் பரவிற்று. அதே 1787-ல் இரும்பு முதலாளி ஜான் வில்கின்ஸன் தம் வில்லைகளை வெளியிட்டார். ராஜாவின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் தம் முகத்தையே பொறித்து, தம் பெயருக்கருகில் இரும்பு முதலாளி என்ற பட்டத்தையும் சேர்த்துக்கொண்டு, மறுபக்கத்தில் சம்மட்டி அடிக்கும் ஓர் உலைக்களத்தைக் காட்டினார். இதைச் சிலர் அகம்பாவம் என்றார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கொடுத்த வாக்குக்குத் தாமே பொறுப்பு என்று முகத்தைக் காட்டி நிற்கிற மனிதரிடம், முகமே காட்டாத அதிகாரத்தைவிட நம்பிக்கை வைக்கலாம்.

அதற்குப் பிறகு பத்தாண்டுக் காலம் ஒரு பெருவெள்ளம். ஊருக்கு ஊர் மளிகைக்காரரும் துணி வியாபாரியும் மதுபான ஆலைக்காரரும் வில்லை வெளியிட்டார்கள். கவென்ட்ரி நகரத்து வில்லையில் குதிரைமேல் கொடைவா சீமாட்டி அமர்ந்தாள். சௌதாம்ப்டனிலும் கிளாஸ்கோவிலும் உள்ளூர்ப் பெருமைகள் செம்பில் ஏறின. தாமஸ் ஸ்பென்ஸ் என்ற புத்தக வியாபாரி நிலம் எல்லாருக்கும் பொது என்ற தம் கொள்கையையே காசில் பொறித்துப் பரப்பினார். நாளாவட்டத்தில் இவற்றைச் சேகரிப்பது ஒரு மோகமாகி, இப்ஸ்விச் நகரத்து ஜேம்ஸ் காண்டர் 1798-ல் ஒரு பட்டியலையே அச்சிட்டார். போலிகளும் புகுந்தன. கொடுப்போம் என்று சொல்லி, எங்கே என்று சொல்லாதவை; ஊர் சொல்லி, அந்த ஊரில் அப்படியொரு கடையே இல்லாதவை; எடை குறைந்தவை. வாக்குறுதிக்கு மதிப்பு உண்டென்று ஜனங்கள் நம்பியபடியால்தான் பொய்வாக்கு அடிப்பதும் லாபகரமாயிற்று. ஆயினும் மொத்தத்தில், அரசாங்கம் கைவிட்ட கூலியாட்களுக்குக் கையில் நிற்கும் காசைக் கொடுத்தது இந்த வணிகர் செம்பே என்பதில் எனக்கு ஐயமில்லை.

இப்போது மாத்யூ போல்ட்டனிடம் திரும்புவோம்; நம் ஜாகீருக்கும் பாரிஸ் மலைக்கும் இடையே பாலம் அவர்தான். ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளியாக நீராவி இயந்திரங்களைச் செய்து கார்ன்வால் சுரங்கங்களுக்கு அனுப்பியவர். அச்சுரங்கச் செம்பில் அவருக்கும் பங்கு இருந்தது. பாரிஸ் மலையின் மலிவான செம்பு சந்தையில் கொட்டிக் கார்ன்வாலின் விலையைக் கவிழ்த்தபோது, செம்பு செலவாவதற்கு ஒரு வழி தேடவேண்டியவரானார். காசு அடிப்பதே அந்த வழி. பர்மிங்ஹாமை அடுத்த சோஹோ என்னுமிடத்தில் நீராவியால் இயங்கும் அச்சுகளைக்கொண்டு 1788-89-ல் அவர் கட்டிய நாணயசாலையில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஓர் அச்சைக் கவனித்துக்கொண்டால் போதும். நிமிஷத்துக்கு எழுபதுக்குக் குறையாமல் காசுகள் விழுந்துகொண்டிருக்கும். அவை ஒரு வளையத்துக்குள் அடிக்கப்பட்டபடியால் எல்லாம் ஒரே வட்டம், ஒரே கனம். ஒரு காசின் விட்டத்தையும் கனத்தையும் பார்த்தே கள்ளக்காசைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் கொள்கை. அச்சிறுவர்களுக்குக் கூலி எந்தக் காசில் கொடுத்தார்கள் என்று அறிய எனக்கு ஆவல் உண்டு.

அவர் காத்திருந்தது ராஜாங்கத்து ஒப்பந்தத்துக்காக. அது பத்தாண்டுகள் வரவில்லை. அதுவரை அவருடைய அச்சுகளுக்கு வேலை கொடுத்தவர்கள் இரு வகையினர். முதலாவது, வில்லை வெளியிட்ட வணிகர்கள்: அயர்லாந்தின் க்ரோன்பேன் சுரங்கத்தாரும், சௌதாம்ப்டன், கிளாஸ்கோ வியாபாரிகளும் சோஹோவில்தான் அடித்தார்கள். பிரான்சில் புரட்சி மூண்டு சில்லறை மறைந்துபோனபோது, மொன்னெரோன் சகோதரர்கள் 1791-லும் 1792-லும் தங்கள் பெயரில் செப்பு வில்லைகளை இங்கேயே அடித்துக் கொண்டுபோய்ப் பாரிஸ் பட்டணத்தில் வழங்கினார்கள். காகிதப் பணமாகிய அஸிஞா கொடுத்து மீட்டுக்கொள்வோம் என்ற வாக்கு அவற்றிலும் இருந்தது. இந்தச் சகோதரர்களில் லூயி மொன்னெரோன் நமக்கு அயலாரல்லர். புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சு இந்தியக் குடியிருப்புகளின் பிரதிநிதியாகப் பிரெஞ்சு தேசிய சபையில் அமர்ந்தவர் அவர். 1792-லேயே அந்நிறுவனம் நொடித்துப்போய், தனியார் நாணயங்களைப் புரட்சி அரசாங்கமும் தடுத்துவிட்டது.

இரண்டாவது வகை, கிழக்கிந்தியக் கும்பினி. உண்மையில், காசு விஷயத்தில் போல்ட்டனுக்கு முதல் வாடிக்கைக்காரரே அவர்கள்தாம். சுமத்ராவின் பென்கூலனில் வழங்குவதற்கான செம்பு 1786-ல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1791-ல் பம்பாய்க்குச் செப்புக் காசு. 1794-லும் 1797-லும் சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் ஜில்லாக்களுக்கு. அவற்றில் ஒரு ரூபாய்க்கு 48 என்றும், 96 என்றும் ஆங்கிலத்தில் விகிதம் பொறித்திருக்கும். 1797-ல் ராஜாங்கமும் மனம் இரங்கி, ஓர் அவுன்ஸ் எடையுள்ள பென்னியையும் இரண்டு அவுன்ஸ் எடையுள்ள இருபென்னியையும் அடிக்க அவரை நியமித்தது. வண்டிச்சக்கரம் என்று ஜனங்கள் பெயரிட்ட காசுகள் அவை. கடைசியாக, 1803 என்றும் 1808 என்றும் ஆண்டு பொறித்த சென்னைக் காசுகள். நம் பெருவழியில், நம் சந்தையில், நம் உண்டியலில் விழுந்தவை இவையே.

1808-ஆம் ஆண்டின் இருபது காசு நாணயம் ஒன்று இதை எழுதும்போது என் மேஜைமேல் இருக்கிறது. ஏறத்தாழ முப்பது மில்லிமீட்டர் குறுக்களவு. ஒன்பது கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடை. இரு சிங்கங்கள் இருபுறமும் கொடி பிடித்து நிற்க, நடுவே கும்பினியாரின் கேடயம். கீழே நாடாவில் லத்தீன் மொழி: இங்கிலாந்தின் அரசரும் சபையும் அருளிய ஆதரவில், என்று அதற்குப் பொருள். சுற்றிலும் கிழக்கிந்தியக் கும்பினி என்று ஆங்கிலம். மறுபக்கத்தில் அழகான பாரசீக எழுத்து, இருபது காசு நான்கு பலூஸ் ஆகும் என்கிறது. அடியில் ரோமானிய எண்ணில் இருபது. வேலைப்பாட்டில் குறை சொல்லவே முடியாது. தேயாத காசில் சிங்கங்களின் பிடரிமயிர் இழையிழையாகத் தெரியும். இதில் நான்கு கொடுத்தால் ஒரு பணம். 168 கொடுத்தால் ஒரு வராகன். வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சரியாக 48 கொடுத்தால் ஒரு ரூபாய். வடசர்க்கார்க் காசின் விகிதமும் இதுவேயாதலால், பர்மிங்ஹாமில் உட்கார்ந்து தெலுங்கு தேசத்துக்கும் தமிழ் தேசத்துக்கும் ஒரே அளவுகோலை வைத்தார்கள் என்பது புலப்படும். தொழில்நுட்பத்தின் நோக்கில் பார்த்தால் இது பெரிய முன்னேற்றம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் பக்கத்துப் பழைய காசுகள் சம்மட்டியால் அடிக்கப்பட்டு, ஒன்றைப்போல் ஒன்று இராமல், எடையிலும் வடிவிலும் தாறுமாறாக இருந்தன. சோஹோ காசை எந்தச் சராபும் விளிம்பில் சுரண்டிவிட முடியாது, சுரண்டினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் இதே காசைப் பாரிஸ் மலையின் பென்னியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் மனம் சமாதானமடைவதில்லை. அச்சுத்தொழில் ஒன்றே, போல்ட்டன் ஆங்கிலஸியாருக்கும் பின்னாளில் வில்லை அடித்துக் கொடுத்தவர், செம்பும் ஒரே தேசத்துச் செம்பு. அடிப்பித்தவர்கள் அங்கும் வணிகர், இங்கும் வணிகர். அங்கே சுரங்கத்துக் கூலியாளின் கையில் விழுந்த காசு, நான் இன்னாருடைய கடன், என்னை இன்ன ஊரில் கேள் என்று அவனுடைய பாஷையில் சொல்லிற்று. இங்கே உழவனின் கையில் விழுந்த காசு அவனோடு பேசவே இல்லை. ஒரு பக்கம் லத்தீனும் ஆங்கிலமும், மறுபக்கம் பாரசீகம். தமிழ் ஓரெழுத்துக்கூட இல்லை. எந்த இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் எத்தனை காசுக்கு ஒரு வராகன் கிடைக்கும் என்ற வாக்கு எந்த மொழியிலும் இல்லை. விளிம்பும் வெறும் விளிம்பு. வணிகன் வணிகனாக மட்டும் இருந்தவரையில் தன் காசுக்குப் பின்னால் தன் பெயரையும் விலாசத்தையும் நாணயத்தையும் வைத்தாக வேண்டியிருந்தது. அதே வணிகன் வரி வாங்கும் அதிகாரியாகவும் ஆனபோது, வாக்களிக்கும் அவசியம் அவனுக்கு இல்லாமற்போயிற்று. சோஹோவிலிருந்து சென்னைக்கு வந்த கப்பல்களில் இயந்திரத்தின் நேர்த்தி வந்தது. வணிகனின் வாக்குறுதி வரவில்லை. நீதி என்று மேலே நான் சொன்னது இதைத்தான்.

கும்பினியாருக்கு இது தெரியாதென்றும் சொல்லிவிட முடியாது. அதே 1807-08-ஆம் ஆண்டுகளில் சென்னை நாணயசாலையிலேயே அடிக்கப்பட்ட துட்டுகளிலும், கோபுரமும் விஷ்ணுவின் திருவுருவமும் கொண்ட கால் வராகன், அரை வராகன் வெள்ளி நாணயங்களிலும் தமிழும் தெலுங்கும் இடம்பெற்றன. இங்கிருந்து வேலை செய்தவர்கள் வாங்குகிறவனை நினைத்தார்கள். அங்கிருந்து அனுப்பியவர்கள் சரக்கை நினைத்தார்கள். செம்பு கும்பினியின் கப்பல்களில் ஆண்டுதோறும் இந்தியாவுக்கு ஏற்றிவந்த சரக்குகளில் ஒன்று. காசாக அடித்து அனுப்பினாலும் அது சரக்கே.

அந்தச் சரக்கில் ஒரு பகுதி நம்மை வந்து சேரவேயில்லை. 1809 ஜனவரியில், சென்னைக்கும் வங்காளத்துக்கும் புறப்பட்ட அட்மிரல் கார்டனர் என்னும் கும்பினிக் கப்பல், கெண்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் மோதி அழிந்தது. அதில் மரப்பீப்பாய்களில் அடைத்து ஏற்றியிருந்த சோஹோ காசுகள் ஏறத்தாழ ஐம்பது டன். பெரும்பாலும் 1808-ஆம் ஆண்டின் பத்துக் காசும் இருபது காசும். எத்தனையோ சந்தைகளின் ஒரு வருஷத்துச் சில்லறை அப்படியே மணலுக்குள் போயிற்று. 1980-களில் முக்குளிப்போர் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்துப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காசுகளை வெளியே எடுத்தார்கள். பீப்பாயின் நடுவில் உப்புநீர் படாமல் இருந்தவை அச்சிலிருந்து விழுந்த அன்றைய நிறத்தோடே இருந்தன. அதனால்தான் இன்று உலகெங்கும் சேகரிப்பவர்களின் கையில் காணப்படும் சென்னைக் காசுகளில் பெரும்பங்கு, சென்னை மண்ணையே மிதியாதவை. என் மேஜைமேல் உள்ளது அந்த வகையன்று. சிங்கங்களின் முகம் தேய்ந்து, பாரசீக எழுத்தின் வளைவுகள் மழுங்கி, பல கைகள் பட்டுப் பழுத்த காசு. புத்தம்புதிய காசுகளைவிட இதையே நான் விரும்புகிறேன். இது தன் வேலையைச் செய்திருக்கிறது.

மாத்யூ போல்ட்டன் அதே 1809 ஆகஸ்டில் காலமானார். இங்கிலாந்தில் நெப்போலியன் யுத்தத்தின் பிற்பகுதியில் மீண்டும் ஒருமுறை வில்லைகள் பெருகின; 1817-ல் பாராளுமன்றம் சட்டம் செய்து அவற்றைத் தடுத்தது. சென்னையில் 1818-ல் வராகன் விலகி ரூபாய் ஆதாரநாணயமாயிற்று. 1833-ல் கும்பினியின் வியாபார உரிமை முடிந்தது. 1835-ல் இந்தியா முழுமைக்கும் ஒரே நாணயச் சட்டம் வந்து, காசும் பணமும் கணக்கேடுகளிலிருந்து படிப்படியாக மறைந்தன. வியாபாரத்தை விட்டுவிட்ட பின்னும் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல், கிழக்கிந்தியக் கும்பினி என்ற பெயரே கால் அணாச் செம்பின்மேல் பொறிக்கப்பட்டு வந்தது.

சோஹோ நாணயசாலையின் சாமான்கள் 1850-ல் ஏலத்துக்கு வந்தபோது அவற்றில் பல, பர்மிங்ஹாமின் ரால்ஃப் ஹீட்டன் என்பவரின் கைக்கு மாறின. அதற்குள் வணிகர் வில்லை வேறொரு கடற்கரையில் புது உருவத்தில் தோன்றிவிட்டிருந்தது: கொழும்பின் காப்பி ஆலைகளில், கொட்டை பொறுக்கிய ஆட்களுக்கு அன்றாடக் கூலியாக ஆலைக்காரர்கள் கொடுத்த வில்லை. அங்கே வாக்கு எழுதப்பட்டதா, எந்த மொழியில் எழுதப்பட்டது, அதை எந்தக் கடையில் மாற்றினார்கள் என்பதை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.